சம்பந்தி வாங்கப் பார்த்த கிணறு

நான் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது அம்பத்தூரில் எங்கள் அடுக்ககம் முழுக்கத் தெரியும். அதனால் எண்ணெய் தொடர்பான எல்லாச் சந்தேகங்களும் என்னிடம்தான் வரும். பெட்ரோல் விலை எப்போது இறங்கும் என்று கேட்பார்கள். மேல்மாடி அம்மா ஒருவர் செக்கு நல்லெண்ணெய் அசலா கலப்படமா என்று முகர்ந்து பார்த்துச் சொல்லும்படி கிண்ணத்தோடு வந்து நின்றார். முகர்ந்து பார்த்து அசல் என்றேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த மரியாதையாவது மிஞ்சியிருக்கிறதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

சமீப காலமாகக் கேள்விகளின் போக்கு மாறியிருக்கிறது. ஓய்ந்துபோன பழைய கிணறுகளைத் தனியார் ஒப்பந்தத்தில் எடுத்து உயிர்ப்பிக்கலாம் என்று ஆனதிலிருந்து, என்னோடு வேலை பார்த்த இளையவர்கள் சிலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் அதே பேச்சு. “சார், நீங்க சர்வீஸ் பூரா பழைய கிணத்துலயே கெடந்தவரு, எதாவது எழுதுங்க” என்று நச்சரிக்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது தொழில்நுட்பக் கட்டுரை என்று தெரியும். எனக்கு எழுத வருவது என் சம்பந்தி ஏழுமலையைப் பற்றி. படித்துப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொள்ளட்டும்.

ஏழுமலை மாங்காட்டுக்காரர். அவருடைய அப்பா காலத்தில் அங்கே கீரையும் கத்தரியும் போட்ட நிலம் நிறைய இருந்தது. நிலம் மனையாகி, மனை பங்கு பிரிந்து, கல்யாணம் காதுகுத்து என்று போனது போக, அவர் கையில் நின்றது அம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரே ஒரு மனை. அவர் மகன் கார்த்தியும் என் மகள் ரெஜினாவும் ஒரே அலுவலகத்தில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர்கள். அவர்கள் காமாட்சி அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைத்து வேண்டிக்கொள்கிறவர்கள். கல்யாணம் முடிவாவதற்குள் இரண்டு வீட்டிலும் பேசப்பட்ட பேச்சை இப்போது யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

பிள்ளைகள் திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். காலையில் மின்சார ரயிலில் நசுங்கிப் போய், இருட்டிய பிறகு நசுங்கித் திரும்புகிறார்கள். மாங்காட்டு மனையில் பிள்ளைகள் வீடு கட்டிக்கொள்ளட்டும் என்று ஏழுமலை கல்யாண மேடையிலேயே மைக் பிடித்துச் சொன்னார். சொன்னதோடு சரி. எழுத்தில் எதுவும் இல்லை, நாங்களும் கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவன் சம்பந்தியிடம் வாய் திறந்து கேட்கக் கூடாதவற்றில் முதலாவது அதுதான்.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். கையில் வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு விளம்பரம். கருவேலங்காட்டுக்கு நடுவில் தென்னை உயரத்துக்கு எரியும் நெருப்பு, அதன் முன்னால் இரும்புத் தொப்பி போட்ட ஓர் இளைஞன் கட்டை விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டு நிற்கிறான். ராமநாதபுரம் பக்கம் ஒரு பழைய எரிவாயுக் கிணறாம். ஒரு சின்னக் கம்பெனி ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறதாம். சீர்செய்யப் பணம் திரட்டுகிறார்களாம், பங்கு வாங்கினால் மாதாமாதம் வருமானமாம். மனையை விற்றுப் பங்கு வாங்கிவிடப் போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, என் மனைவி ஸ்டெல்லா கொடுத்த சேமியா பாயசத்தை நிதானமாக ரசித்துச் சாப்பிட்டார். ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அந்தப் பாயசம் இறங்கவில்லை.

“நீங்க கீறீங்கன்ற தைரியம்தான் சம்பந்தி. உங்களுக்குத் தெரியாத கிணறா? ஒரு தபா வந்து பாத்துட்டு, நல்லா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதும்” என்றார்.

அவர் போன பிறகு ஸ்டெல்லா, வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டியதுதானே, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டாள். சொல்லலாம். ஆனால் நான் வேண்டாம் என்றால் ஏழுமலை என்ன நினைப்பார்? தன் பெண்ணுக்கு வரவேண்டிய மனை கைவிட்டுப் போகிறதே என்று சொல்கிறேன் என்றுதான் நினைப்பார். அப்படி நினைப்பதில் முழுத் தவறும் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் சங்கடம். அந்த மனையில் என் பெண் மாடித் தோட்டம் போடுவது வரை நான் மனசுக்குள் கட்டி முடித்திருந்தேன். மாப்பிள்ளை மூலமாகப் பேசிப் பார்க்கலாம் என்றால், கார்த்தி அப்பாவைவிடக் குஷியாக இருந்தார். கிணற்றில் பங்கு இருக்கிறது என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்ளலாமே என்று ரெஜினாவிடம் சொன்னாராம். முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்றாளாம் அவள்.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

பாலிடெக்னிக் முடித்து, ஒரு அரசு எண்ணெய் நிறுவனத்தில் சேர்ந்து, அஸ்ஸாம் மழையில் நனைந்து, குஜராத் வெயிலில் காய்ந்து, கடைசியில் ஆந்திரக் கரையோரம் வந்து சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி வேறு எதுவும் சொல்வதற்கில்லை. எல்லோரிடமும் திட்டு வாங்கினேன், அவ்வளவுதான். கிணற்றின் வாயில் வால்வுகளை அடுக்கடுக்காகப் பூட்டியிருக்கும் இரும்பு அமைப்புக்கு எங்கள் தொழிலில் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர். கல்யாணமான புதிதில் நான் எழுதிய கடிதங்களில் இன்று கிறிஸ்துமஸ் மரம் மாட்டினோம், நேற்று கிறிஸ்துமஸ் மரம் கழற்றினோம் என்று படித்துவிட்டு, ஸ்டெல்லா தன் அம்மாவிடம் மாப்பிள்ளை ரொம்பப் பக்தியானவர் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஏன் கிறிஸ்துமஸ் மரம் என்று மாமியார் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

என் வேலை புதுக் கிணறு தோண்டுவது இல்லை. அதற்குத் துளை போடும் பெரிய ரிக் எந்திரம், பெரிய ஆட்கள், செய்தித்தாளில் படம் எல்லாம் உண்டு. நான் இருந்தது பழுது பார்க்கும் குழுவில். உற்பத்தி குறைந்த கிணறு, தண்ணீர் கக்கும் கிணறு, மூச்சே விடாத கிணறு, இவைதான் எங்களுக்கு. எங்கள் குழுத் தலைவர் ராவ் சார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் மாத்திரைப் பட்டை இருக்கும். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மேலதிகாரி என்ன சொன்னாலும் எஸ் சார் என்பார், பிறகு தனக்குச் சரி என்று பட்டதையே செய்வார். யாராவது கேட்டால், உத்தரவு எழுத்தில் வரட்டுமே என்பார். தலைமையகத்திலிருந்து தபால் அந்தக் காட்டுக்குள் வந்து சேர்வதற்குள் வேலை முடிந்திருக்கும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கிணற்றைத் திறந்தாலும் வால்வைத் திருகிவிட்டு, அழுத்தமானியின் பக்கமே பார்க்க மாட்டார். டிபன் கேரியரைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். குழுவில் எல்லோரும் உட்கார வேண்டும். புளிச்சக் கீரைத் துவையல், தயிர்சாதம், நிதானமாக மென்று சாப்பிட்டு, கேரியரைக் கழுவி, ஒரு வெற்றிலை போட்ட பிறகுதான் எழுந்து கிணற்றைப் பார்ப்பார். “பாபு, முதல்ல சாப்பாடு, அப்புறம் கிணறு” என்பார். அவருக்கு எல்லோரும் பாபுதான். எங்களுக்குள் அவர் பெயர் சாப்பாட்டு ராவ்.

அதன் காரணத்தைப் பதினேழாம் நம்பர் கிணற்றில்தான் கண்டேன். பல வருடம் பூட்டிக் கிடந்த எரிவாயுக் கிணறு அது. அழுத்தமானி முள் எகிறி நின்றது. தலைமையகத்திலிருந்து சஃபாரி சூட் போட்ட பெரிய அதிகாரி ஒருவர் மாலையும் தேங்காயுமாக வந்துவிட்டார். வால்வை முழுசாகத் திறக்கச் சொன்னார். வாயு சீறிக்கொண்டு வந்து, சோதனைக்காக எரிய விடும் குழாயின் முனையில் பற்றிய வேகத்தில் பக்கத்துத் தோப்பில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன. கைதட்டினார்கள். ராவ் சார் மெதுவாக, சார், சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாமே என்றார். அதிகாரி காதில் வாங்கவில்லை. கிணறு உயிர்த்துவிட்டது என்று உடனே டெல்லி வரை போன் போட்டார்.

பிறகு விருந்துக்குப் போனோம். திரும்பி வந்தபோது கொக்குகள் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தன. குழாய் முனையில் அகல் விளக்கு அளவுக்கு ஏதோ எரிந்தது. எங்கள் கண் முன்னாலேயே அது இருமுறை தும்மி, சேற்றுத் தண்ணீரைக் கக்கி, அணைந்தது. அடுத்த பிரச்சினை, டெல்லிக்கு மறுபடி யார் போன் போடுவது என்பது. அதிகாரிக்குத் திடீரென்று வயிற்று வலி வந்துவிட்டது. ராவ் சார்தான் போட்டார்.

விஷயம் இதுதான். மூடிக் கிடந்த கிணற்றுக்குள் வாயு சிறுகச் சிறுகச் சேர்ந்து நிற்கும். திறந்தவுடன் வருவது அந்தக் கிணற்றின் சேமிப்பு. அதன் சம்பாத்தியம் எவ்வளவு என்பது சேமிப்பு தீர்ந்த பிறகுதான் தெரியும். அதற்கு ஒரு சாப்பாட்டு நேரம் குறைந்தது வேண்டும். ராவ் சார் தெரிந்துதான் அந்த வழக்கத்தை வைத்திருந்தார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் அவர் மனைவி, அவருக்குக் குடல் புண், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் துடித்துப் போவார் என்று சொன்னார். ஞானமா புண்ணா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் கிணற்றை ராவ் சார் விடவில்லை. உப்புத் தண்ணீர் ஏற்றிக் கிணற்றை அடக்கினோம். பிறகு உள்ளே இருந்த குழாய்களை ஒவ்வொன்றாக உருவி, வந்த வரிசை மாறாமல் மரச்சட்டங்களின் மேல் படுக்க வைத்தோம். ராவ் சார் கையுறையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு குழாயையும் கட்டை விரலால் தடவிக்கொண்டு போவார். எங்கே உப்புப் படிந்திருக்கிறது, எங்கே துரு, எங்கே மண் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். கீழ்ப்பகுதிக் குழாய் ஒன்றில் ஊசிமுனை அளவில் ஒரு ஓட்டை. அதைவிடப் பெரிய வம்பு, அடியிலிருந்து தண்ணீர் மேலேறி வாயு வரும் துளைகளை மூடியிருந்தது. அடித் துளைகளைச் சிமென்ட் போட்டு அடைத்துவிட்டு, மேலே வாயு இருக்கும் மணல் அடுக்கில் புதுத் துளை போட வேண்டும்.

முதலில் போட்ட சிமென்ட் பிடிக்கவில்லை, தண்ணீர் மறுபடி வந்தது. கிணற்றை நிரந்தரமாக மூடிவிட்டுக் கிளம்புங்கள் என்று தலைமையகம் போனில் கத்தியது. எஸ் சார் என்றார் ராவ் சார். மறுபடி சிமென்ட் கலக்கினோம். இந்த முறை அது இறுகும்வரை ரிக் பக்கம் யாரையும் விடவில்லை. ரிக்கை விட்டுவிட்டு எல்லோரும் சீட்டு விளையாடுங்கள் என்றார். நாங்கள் விளையாடினோம். அவர் மட்டும் விளையாடவில்லை, முள்வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது மறுபடி தோற்றிருந்தால் அவரை எங்காவது கிடங்குக்கு மாற்றியிருப்பார்கள், அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சிமென்ட் பிடித்தது. புதுத் துளை வழியாக வாயு வந்தது. இந்த முறை எல்லோரும் சாப்பிட்டு முடித்தும் எரிந்தது, சிறிதாக, ஒரே சீராக. ஓட்டத்தைக் கட்டுப்படுத்தக் குழாயில் பீன் என்று ஒரு சின்ன இரும்புத் துண்டு வைப்போம், அதன் துளை எவ்வளவோ அவ்வளவுதான் வாயு வரும். ராவ் சார் இருப்பதிலேயே சின்னத் துளை உள்ளதை வைத்தார். பேராசைப்பட்டு இழுத்தால் தண்ணீர் மறுபடி மேலேறிவிடும். கொஞ்சம் பெரிதாக வைத்தால் என்ன என்று ஆளாளுக்குக் கேட்டதில், மற்ற பீன்களையெல்லாம் டிபன் கேரியரில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். பக்கத்து ஓட்டுத் தொழிற்சாலைக்கு அந்த வாயு வருடக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

சரி, சம்பந்திக்கு வருகிறேன்.

பங்கு வாங்க நினைப்பவர்களுக்காகக் குமணன்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தக் கம்பெனியின் கூட்டம் நடந்தது. பழைய விவசாயக் குடும்பத்தினர், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஆவடி தொழிற்சாலைகளில் வேலை பார்த்து முடித்தவர்கள் என்று நம் பக்கத்து ஆட்கள்தான். விளம்பரத்தில் கட்டை விரல் காட்டிய இளைஞன் பேசினான். கம்பெனியை நடத்துகிறவனே அவன்தான். பெயர் பிரசாந்த், அம்பத்தூர்ப் பையன்தான், எம்.பி.ஏ. படித்தவன். ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். அவன் அப்படி இல்லை. ஒப்பந்தம் அசல், கிணறு அசல். தன் அப்பாவின் பணத்தையும் அதில் போட்டிருந்தான். திரையில் நெருப்பைக் காட்டும்போதெல்லாம் அவன் கண்ணே பளபளத்தது. அந்த நெருப்பை அவனும் சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும்தான் பார்த்திருக்கிறான் என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

ஏழுமலை என்னைப் பிடித்து இழுத்துப் போய் அறிமுகம் செய்தார். “இவரு நம்ம சம்பந்தி. ஆரோக்கியசாமி. எண்ணெக் கிணத்துல இவரு பாக்காததே கெடையாது” என்றார். பிரசாந்த் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அங்கிள், நீங்க சைட்டுக்கு அவசியம் வரணும். எல்லார் முன்னாடியும் ரெண்டு வார்த்தை பேசணும்” என்றான். ஏழுமலைக்குப் பெருமை தாங்கவில்லை. தூர் வாரினால் தண்ணீர் வராத கிணறே கிடையாது, நம் ஏரிக்கரைக் கிணறு அப்படித்தான் வந்தது என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பாதி உண்மை இருக்கிறது என்பதால் நான் குறுக்கே பேசவில்லை.

பிறகு ஒரு நாள் இரவு எல்லோரும் குமணன்சாவடி சந்திப்பிலிருந்து கம்பெனி ஏற்பாடு செய்த ஏ.சி. பஸ்ஸில் கிளம்பி, மறுநாள் காலை போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை கார்த்தி டிரைவருக்குப் பின்னால் முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தார். கருவேலங்காட்டுக்குள் இறங்கியதும் அந்த வாடை மூக்கில் ஏறியது. இரும்பு, கிரீஸ், அதோடு லேசாக வாயு. பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் குதூகலமாகிவிட்டது. ஸ்டெல்லா சொல்லியனுப்பியதெல்லாம் மறந்துபோய், கிறிஸ்துமஸ் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வால்வுகளைத் தட்டிப் பார்த்தேன். நல்ல பராமரிப்பு. கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, நாற்காலிகளை எதிர்ப்பக்கம் மாற்றிப் போடச் சொன்னேன். ஆட்கள் நான் சொன்னபடி ஓடினார்கள். கொஞ்ச நேரம் நானே பங்கு வாங்கிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

ஐயரை வைத்துப் பூசை முடிந்தது. வால்வைத் திறந்தார்கள். பள்ளத்தில் இருந்த குழாய் முனையில் நெருப்பு எழும்பி, விளம்பரத்தில் கண்டது போலவே தென்னை உயரத்துக்கு நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். ஏழுமலை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

“இன்னா சம்பந்தி, நல்லா கீதுல்ல?”

ஆமாம் என்றால் மனை போகும். இல்லை என்றால் இந்த மனிதரின் மனசில் நான் பெண்ணுக்காகப் பொய் சொன்னவன் ஆவேன், அதற்குப் பிறகு என் பெண் அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்ந்து இருப்பாள்? நான் பதில் சொல்வதற்குள் பிரசாந்த் மைக்கைக் கொண்டு வந்து நீட்டினான். போட்டோ எடுத்தாகிவிட்டது, அங்கிள் இரண்டு வார்த்தை பேசியதும் வால்வை மூடிவிட்டு, ஊருக்குள் ஹோட்டலில் சாப்பாடு என்றான்.

நான் மைக்கை வாங்கவில்லை. சாப்பிட்ட பிறகு பேசுகிறேன் என்றேன். சாப்பாட்டை இங்கேயே வரவழைத்துவிடு, நெருப்பை மூடாதே, இவ்வளவு தூரம் வந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடட்டும் என்றேன். இதிலென்ன அங்கிள் என்று அவன் சந்தோஷமாகவே தலையாட்டினான். அவனுக்கு எந்தக் கள்ளமும் இல்லை என்பது அந்த இடத்தில் எனக்கு உறுதியாகிவிட்டது.

பிரியாணிப் பொட்டலங்கள் வந்தன. ஏழுமலை நெருப்புக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில். முதல் பொட்டலத்தைப் பிரிக்கும்போது நெருப்பு தென்னை உயரம். வெங்காயப் பச்சடியைத் தேடிக்கொண்டிருந்தபோது முருங்கை உயரத்துக்கு வந்திருந்தது. காற்றால் அப்படித் தெரிகிறது என்று பின்னால் ஒருவர் சொன்னார். முட்டையை உரித்து முடிக்கும்போது ஆள் உயரம். அதற்குப் பிறகு யாரும் காற்றைக் குறை சொல்லவில்லை. பிரசாந்த் சாப்பிடாமல் எழுந்து நின்றுவிட்டான். குழாய் இரண்டு முறை தும்மியது. தண்ணீர் பீச்சியடித்தது. அணைந்தேவிட்டது என்று நினைத்த நேரத்தில் மறுபடி பற்றி, நம் வீட்டு கேஸ் அடுப்பை முழுசாகத் திருகினால் எரியுமே, அந்த அளவில் வந்து நின்றது. அதன் பிறகு குறையவில்லை.

ஏழுமலை கை கழுவிவிட்டு வந்து, வேலியோரம் போய் நின்று நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு பிரசாந்தைக் கூப்பிட்டு, இதுதான் தினமும் எரியுமா என்று கேட்டார். பிரசாந்த் என்னைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. அப்பாவின் பணம் அவன் கண்ணுக்குள் ஓடியிருக்கும்.

அப்போதுதான் மைக்கை வாங்கினேன். கிணறு சாகவில்லை என்றேன். முதலில் பார்த்தது உள்ளே சேர்ந்திருந்த சேமிப்பு, இப்போது எரிவதுதான் அதன் சம்பாத்தியம். அடியில் தண்ணீர் ஏறியிருக்கிறது, சிமென்ட் போட்டு அடைத்து மேல் அடுக்கில் துளை போட்டால் இதைவிட நன்றாக வரலாம், வராமலும் போகலாம். சிமென்ட் முதல் தடவை பிடிக்காமல் போனதை நானே பார்த்திருக்கிறேன். இப்படிக் கிணறுகள் பல வைத்திருப்பவருக்கு ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். இன்னொரு விஷயமும் சொன்னேன். கிணறு ஒருநாள் நிஜமாகவே ஓய்ந்துபோகும்போது அதைச் சிமென்ட் ஊற்றி முறைப்படி மூட வேண்டும், அந்தச் செலவு கடைசியாக யார் கையில் கிணறு இருக்கிறதோ அவர் தலையில்தான் விழும், எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வாங்குங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏழுமலை இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

கூட்டம் கலைந்தபோது பிரசாந்த் என்னிடம் வந்து, அங்கிள், சிமென்ட் வேலைக்கு நீங்கள் வந்து நிற்க முடியுமா என்று தயங்கிக் கேட்டான். வருகிறேன் என்றேன். சம்பளம் எவ்வளவு என்று கேட்க மறந்துவிட்டேன். இதை ஸ்டெல்லாவிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையைப் படித்துத் தெரிந்துகொண்டாலும் சரிதான்.

திரும்பும் வழியில் சாயங்காலம் ஒரு டீக்கடையில் பஸ் நின்றது. அதுவரை ஏழுமலை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்றுதான் நினைத்தேன். இரண்டு டீ வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல சம்பந்தி?”

சந்தேகம் இருந்தது என்றேன்.

“அப்போ ஊட்லயே சொல்லிருக்கலாம்ல, வேணாம்னு.”

“சொல்லியிருந்தா என்ன நெனச்சிருப்பீங்க?”

அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். “பொண்ணுக்கோசரம் சொல்றாருன்னு நெனச்சிருப்பேன்” என்றார். என் பக்கம் திரும்பி, “மெய்யாலுமே அதுக்குத்தான வந்தீங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தையில் வெளியே வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கியது, டீ சூடு என்று சமாளித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. தம்ளரைக் கீழே வைத்தார். “அடுத்த வாரம் வாங்க, பூந்தமல்லி ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போலாம். மனைய ரெஜினா பேர்ல எழுதிட்றேன்” என்றார்.

நான் பதறிப்போனேன். அதெல்லாம் முறையில்லை சம்பந்தி, ஊர் என்ன பேசும், எழுதுவதானால் உங்கள் பையன் பேரில் எழுதுங்கள் என்றேன்.

“அவன் பேர்லயா?” என்று பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். கார்த்தி முதல் வரிசையில் உட்கார்ந்து, நெருப்பு தென்னை உயரத்தில் இருந்தபோது எடுத்த போட்டோவை யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார். “எம் பேர்ல இருந்தா, விக்க வெக்க எனக்குக் கிணத்தயாவது காட்டணும். அவனுக்குப் போட்டோவே போதும். இந்தக் குடும்பத்துல சாப்புட்டு முடிக்கற வரைக்கும் பொறுமையா கீற ஒரே ஆளு உங்க பொண்ணுதான் சம்பந்தி. அதுங்கிட்டயே இருக்கட்டும்.”

பெண்ணைப் பெற்றவன் இப்படிப்பட்ட இடத்தில் குறைந்தது மூன்று தடவையாவது மறுத்துப் பேச வேண்டும், அதுதான் மரியாதை. எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டேன்.